தீபாவளிக்கு எத்தனை கிலோ: விற்பனை முன்கணிப்பும் வரவு செலவுத் திட்டமும்

வரப்போகும் ஒரு காலத்தில் எந்தச் சரக்கு எவ்வளவு போகும் என்பதைக் கையிலுள்ள கணக்குகளைக் கொண்டு முன்கூட்டியே மதிப்பிடுவது விற்பனை முன்கணிப்பு. கொள்முதல், கூலி, கடன், விளம்பரம் என எல்லாச் செலவுகளும் அந்த ஒரு மதிப்பீட்டின் மேல்தான் ஏறி உட்காருகின்றன. அடியில் உள்ள எண் பிசகினால் மேலே எவ்வளவு சிக்கனமாகத் திட்டமிட்டும் பயனில்லை.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே தொழில் எடுத்துக்காட்டாக வருகிறது: நடுத்தர ஊர் ஒன்றில், சொந்தச் சமையற்கூடத்தோடு நடக்கும் இனிப்பு, காரக் கடை. சரக்கு நாள்பட்டால் கெட்டுவிடும். ஆண்டு விற்பனையின் பெரும்பகுதி சில வாரங்களில் நடந்து முடிந்துவிடும். பணமோ அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியே போகத் தொடங்கிவிடும். முன்கணிப்பின் எல்லாச் சிக்கல்களும் இந்தத் தொழிலில் ஒன்றாகக் காணக்கிடைக்கின்றன. ஜவுளிக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் எண்கள்தான் மாறும், முறை மாறாது. கீழே வரும் கிலோ, ரூபாய்க் கணக்குகள் விளக்கத்துக்காகப் போட்டவை.

இலக்கும் கணிப்பும்

"இந்த வருஷம் இருபது சதவீதம் கூட்டியாக வேண்டும்" என்று முதலாளி சொல்வது இலக்கு. இருக்கிற நிலவரத்தில் எட்டு சதவீதம்தான் கூடும் என்று கணக்கு காட்டுவது கணிப்பு. இரண்டும் ஒரே தாளில் கலந்துவிடுவதுதான் இத்துறையில் நடக்கும் முதல் தவறு. அதுவே பெரிய தவறும்கூட. இலக்கை வைத்து நெய் வாங்கினால் மிஞ்சுவது நெய்தான். விற்பனைக்காரர்களுக்கு ஊக்கமூட்ட இலக்கு வேண்டும். கொள்முதல் சீட்டு எழுதுகிறவருக்குக் கணிப்பு வேண்டும். இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதி, நடுவில் உள்ள இடைவெளியை எந்தச் செயலால் நிரப்பப் போகிறோம் என்று பக்கத்திலேயே குறித்துவைப்பது நல்ல பழக்கம். அந்த இடம் வெற்றாக இருந்தால் இலக்கு வெறும் ஆசை.

பழைய கணக்கைச் சுத்தம் செய்தல்

மூன்று ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் கல்லாப்பெட்டியில் விழுந்த தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் ரூபாயைக் கிலோவாக்க வேண்டும். போன ஆண்டு 60 லட்சத்துக்கு விற்ற கடை இந்த ஆண்டு 66 லட்சத்துக்கு விற்றால் பத்து சதவீத வளர்ச்சி என்று தோன்றும். இடையில் ரேட்டை 12 சதவீதம் ஏற்றியிருந்தால், எடையில் கடை ஏறக்குறைய இரண்டு சதவீதம் சறுக்கியிருக்கிறது. அடுப்புக்கும் சமையல் மாஸ்டருக்கும் தெரிவது கிலோ மட்டுமே. ரூபாயில் கணித்தால் விலையேற்றத்தையும் வாடிக்கையாளர் எண்ணிக்கையையும் பிரித்துப் பார்க்கவே முடியாது.

ரூபாய்க் கணக்கு தேவைப்படும் இடங்களில் வரி நீங்கலான தொகையையே எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பொட்டலமிட்ட மிக்சர், முறுக்கு போன்ற கார வகைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய பில் தொகையையும் பிந்தைய பில் தொகையையும் நேராக ஒப்பிட்டால், விற்பனை மாறாமலே இறங்கியதுபோல் தெரியும்.

அடுத்தது, பெரும்பாலான கடைகளில் யாரும் கவனிக்காத ஒன்று. விற்ற அளவும் கேட்ட அளவும் ஒன்றல்ல. மாலை ஆறு மணிக்கே பால்கோவா தட்டு காலியாகிவிட்டால், பேரேட்டில் 40 கிலோ என்று பதிவாகும். ஏழு மணிக்கு வந்து, "இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அடுத்த ஆண்டும் 40 கிலோவே போடுவார்கள், அதுவும் தீரும். "நம்ம கணக்கு கச்சிதம்" என்ற நிறைவு மட்டும் ஆண்டுக்காண்டு வளரும். இதற்கு மருந்து எளிது: ஒவ்வொரு சரக்கும் தீர்ந்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும். சரக்கு தீராத நாட்களில் ஆறு மணிக்குள் அன்றைய விற்பனையில் 80 சதவீதம் முடிந்துவிடுகிறது என்றால், ஆறு மணிக்கே 40 கிலோ தீர்ந்த நாளின் உண்மையான தேவை சுமார் 50 கிலோ. கணிப்புக்கு எடுக்க வேண்டிய எண் இந்த 50தான்.

அசாதாரண நாட்களைத் தனியே குறித்துவைக்க வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2016 நவம்பர் 8 இரவு வந்த பணமதிப்பு நீக்கம், 2020 மார்ச் இறுதியில் தொடங்கிய ஊரடங்கு போன்றவை கணக்கில் போட்ட பள்ளங்களை வழக்கமான விற்பனை என்று நம்பினால் சராசரி கீழே இறங்கிவிடும். அந்த எண்களை அழித்துவிடவும் கூடாது. பக்கத்தில் காரணத்தை எழுதி, சராசரி எடுக்கும்போது மட்டும் அந்த வாரத்துக்கு வழக்கமான அளவைப் பதிலாக இடலாம்.

கடைசியாக, விற்பனையை ஓடைகளாகப் பிரிக்க வேண்டும். கவுண்டரில் வந்து வாங்குவது, கல்யாண ஆர்டர், கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுக்க வாங்கும் பெட்டிகள், தீபாவளிச் சீட்டு ஆகிய நான்கும் நான்கு விதமாக ஏறி இறங்குகின்றன. மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் சரிவை இன்னொன்றின் ஏற்றம் மறைத்துவிடும்.

பஞ்சாங்கம் பார்த்து ஒப்பிடுதல்

தீபாவளி 2022இல் அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. திதிப்படி வரும் பண்டிகை என்பதால் ஓர் ஆண்டு பதினோரு நாள் முன்னே வரும். இன்னோர் ஆண்டு பத்தொன்பது நாள் பின்னே போகும். கணினி மென்பொருள் தரும் மாதவாரி அறிக்கைக்கு இது தெரியாது. 2023 அக்டோபரை 2022 அக்டோபரோடு ஒப்பிட்ட அறிக்கை, கடை கவிழ்ந்துவிட்டதாகச் சொல்லியிருக்கும். அடுத்த மாத அறிக்கை, நவம்பரில் கடை கொழித்ததாகச் சொல்லியிருக்கும். இரண்டும் பொய். பண்டிகை இடம் மாறியது, அவ்வளவுதான்.

ஆகவே தீபாவளிக்கு முந்தைய 21 நாட்களைத் தனிப் பருவமாக வெட்டியெடுத்து, தேதிக்குப் பதிலாக "இன்னும் இத்தனை நாள்" என்று எண்ணிப் பதிய வேண்டும். 2024 தீபாவளிக்குப் பத்து நாள் முந்தைய விற்பனையையும் 2025 தீபாவளிக்குப் பத்து நாள் முந்தைய விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் ஒப்பீடு நேர்மையானதாகிறது. பொங்கலுக்கு இந்தத் தொல்லை இல்லை. சூரியக் கணக்கில் வருவதால் ஜனவரி 14, 15ஐத் தாண்டி நகராது.

தேதி நகர்வதோடு சம்பளத் தேதிக்கும் பண்டிகைக்கும் உள்ள தூரமும் மாறுகிறது. நவம்பர் 12 தீபாவளிக்கு ஒன்றாம் தேதிச் சம்பளம் கையில் இருக்கும். அக்டோபர் 20 தீபாவளிக்குச் சம்பளம் கரைந்து, அடுத்த சம்பளமும் வராத நடுப்பட்ட காலம். குடும்பம் போனஸை நம்பியிருக்கும். ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த திருப்பூர், கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் போனஸ் பட்டுவாடா ஆகும் நாளே கடைத்தெருவில் கூட்டம் தொடங்கும் நாள். அரசுப் பொதுத்துறை நிறுவனங்களின் போனஸ் அறிவிப்பையும் வட்டாரத்துப் பெரிய ஆலைகள் பட்டுவாடா செய்யும் தேதியையும் கேட்டு வைத்துக்கொள்ளும் கடைக்காரர், தம் விற்பனைச் சரிவு எப்போது நிமிரும் என்பதை ஒரு வாரம் முன்பே அறிவார். கிழமையையும் விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைத் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமையும், திங்கட்கிழமைத் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையும் கடையில் வேறுவேறு மாதிரி நடக்கும். அதோடு வடகிழக்குப் பருவமழைக் காலம். கடைசி இரண்டு மாலைகள் நனைந்தால் கவுண்டர் விற்பனை நனைந்ததுதான்.

கல்யாண ஆர்டருக்கு மாதம் சரியான அலகு ஆகாது. முகூர்த்த நாட்களைத்தான் எண்ண வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் குவியும். போன ஆவணியில் எட்டு முகூர்த்தங்களில் 24 ஆர்டர் வந்திருந்தால் முகூர்த்தத்துக்கு மூன்று. இந்த ஆவணியில் ஆறே முகூர்த்தம் என்றால் எதிர்பார்க்க வேண்டியது 18. "போன வருஷம் 24 வந்தது, இந்த வருஷம் 26 வராதா" என்று ஆசைப்படுவதற்கு முன் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிடலாம். வளர்பிறை முகூர்த்தங்களுக்குத் தனி எடை கொடுத்துக் கணக்கிட்டால் இன்னும் நெருங்கும்.

சாதாரண நாட்களின் கணக்கு

பண்டிகையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் சாதாரண நாட்களுக்குப் பெரிய வித்தை தேவையில்லை. ஆண்டின் சராசரி மாதத்தை 1 என்று வைத்தால், ஆடியில் 0.7, தையில் 1.2 என்பதுபோல ஒவ்வொரு தமிழ் மாதத்துக்கும் ஒரு பருவ எண் கிடைக்கும். மூன்று ஆண்டுகளின் பருவ எண்களைச் சராசரியாக்கி, இந்த ஆண்டுக்கு எதிர்பார்க்கும் சராசரி மாத விற்பனையால் பெருக்கினால் மாதக் கணிப்பு வந்துவிடும்.

வாரந்தோறும் திருத்திக்கொள்ள, படிப்படியாகச் சீராக்கும் முறை ஒன்று உண்டு. போன வாரக் கணிப்பு 400 கிலோ, நடந்தது 460 என்றால், தவறிய 60இல் பத்தில் மூன்று பங்கை, அதாவது 18 கிலோவை மட்டும் சேர்த்து அடுத்த கணிப்பை 418 என்று வைப்பது. ஒரு வாரக் குதிப்பை நம்பி ஓடாமலும், அதைக் கண்டுகொள்ளாமல் இராமலும் நடுவழி போகும் உபாயம் இது. இதோடு வளர்ச்சிப் போக்கைச் சேர்த்தவர் சார்லஸ் ஹோல்ட், 1957இல். பருவ ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தவர் பீட்டர் விண்டர்ஸ், 1960இல். இன்று விரிதாள் மென்பொருள்களிலேயே இந்தக் கணக்குகள் உண்டு.

மேலும் சிக்கலான முறைகளுக்குப் போகலாமா என்ற கேள்விக்கு ஒரு பழைய விடை இருக்கிறது. ஸ்பைரோஸ் மாக்ரிடாகிஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 1001 எண்தொடர்களை எடுத்துப் பல முறைகளை மோதவிட்டு 1982இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிக்கலான முறைகள் எளிய முறைகளைவிடத் துல்லியமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை என்பது அதில் தெரிந்தது. ஒரு கடைக்கு அதன் பொருள்: மென்பொருளுக்குச் செலவிடுவதற்கு முன், சரக்கு தீர்ந்த நேரத்தை எழுதும் நோட்டுக்குச் செலவிடலாம்.

கணக்கே இல்லாத புதுச் சரக்குக்கும் புதுக் கிளைக்கும், அதைப் போன்ற பழைய சரக்கின் முதல் மாதத்தைப் பார்ப்பது ஒரு வழி. கவுண்டரில் நிற்பவர்கள், மாஸ்டர், கணக்குப்பிள்ளை ஆகியோரிடம் தனித்தனியே எண்ணை எழுதி வாங்குவது இன்னொரு வழி. எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் முதலாளி சொல்லும் எண்தான் எல்லார் வாயிலும் வரும்.

கடைசி வாரம்

பண்டிகைக் கணிப்பை ஒருமுறை போட்டுவிட்டு மூடிவைக்கக் கூடாது. பருவம் ஓட ஓட, நடந்த விற்பனையே அடுத்ததைச் சொல்லிக்கொடுக்கும். பழைய கணக்குகளிலிருந்து, தீபாவளிக்கு எட்டாம் நாள் முன்பு கடை மூடும்போது பருவ விற்பனையில் எத்தனை சதவீதம் முடிந்திருந்தது என்று பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் அது 22, 27, 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு அதே நாளில் 600 கிலோ போயிருந்தால், 25 சதவீதக் கணக்கில் மொத்தம் 2,400 கிலோ. 27 என்றால் 2,222. 22 என்றால் 2,727. ஆகக் கணிப்பு, "2,400, கீழே 2,200, மேலே 2,700". ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் இப்படி எல்லைகளோடு சொல்வது கோழைத்தனமாகத் தோன்றலாம். கொள்முதல் செய்கிறவருக்கு மிகவும் பயன்படுவது அந்த எல்லைகள்தான்.

22, 27 என்ற வேறுபாடு ஏன் வந்தது என்றும் பார்க்க வேண்டும். சம்பளம் முன்பே வந்த ஆண்டில் மக்கள் முன்பே வாங்கியிருப்பார்கள், சதவீதம் உயர்ந்திருக்கும். இந்த ஆண்டு எந்த ஆண்டின் சாயலில் இருக்கிறது என்று தெரிந்தால், மூன்று எண்களில் எதன் பக்கம் சாய்வது என்பதும் தெளிவாகும்.

ஒரே கணிப்பு, இரண்டு உற்பத்தி

கணிப்பு 2,400 கிலோ என்பதால் 2,400 கிலோ செய்ய வேண்டும் என்று அர்த்தமில்லை. குறைந்தால் என்ன நட்டம், மிஞ்சினால் என்ன நட்டம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

கிலோ 640 ரூபாய்க்கு விற்கும் பால் இனிப்பின் அடக்கம் 440 ரூபாய் என்றால், ஒரு கிலோ பற்றாமல் போனால் இழப்பது 200 ரூபாய் இலாபம். மிஞ்சினால் இரண்டு நாளில் கெட்டு, 440 ரூபாயும் போகும். 200ஐ 640ஆல் வகுத்தால் 0.31. அதாவது, தேவை முழுவதையும் ஈடுகட்டும் வாய்ப்பு 31 சதவீதம் இருக்கும் அளவோடு அடுப்பை அணைத்துவிட வேண்டும். அது கணிப்பு எல்லையின் கீழ்ப்பாதி. மிக்சர் 360 ரூபாய்க்கு விற்கிறது, அடக்கம் 260. பற்றாமல் போனால் இழப்பு 100. மிஞ்சினால் அடுத்த வாரத்தில் 240க்குத் தள்ளிவிடலாம், இழப்பு 20தான். 100ஐ 120ஆல் வகுத்தால் 0.83. மிக்சரை மேல் எல்லைக்குப் பக்கத்தில் செய்து அடுக்கலாம். பண்டிகை மறுநாள் பால் இனிப்பு தீர்ந்துபோயிருப்பதும் மிக்சர் மிஞ்சியிருப்பதும் கணிப்பின் தோல்வி அல்ல. சரியாக நடந்த கடைக்கு அதுவே அடையாளம். சில்லறையாக விற்கும் இனிப்புத் தட்டின் முன் எந்தத் தேதிக்குள் சாப்பிட ஏற்றது என்று எழுதிவைக்க வேண்டும் என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2020 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. பழைய சரக்கைப் புதியதோடு கலந்து விற்கலாம் என்ற நினைப்பில் அடக்கத்தைக் குறைத்துப் போடுவதற்கும் இடமில்லை.

கணிப்பிலிருந்து செலவுத் திட்டம்

ஒவ்வொரு செலவுக்கும் முடிவெடுத்தாக வேண்டிய ஒரு கடைசி நாள் உண்டு. சிவகாசியில் அச்சடிக்கும் அட்டைப் பெட்டிக்கு ஒன்றரை மாதம் முன்பு ஆர்டர் கொடுக்க வேண்டும். வெளியூர் மாஸ்டருக்கு ஒரு மாதம் முன்பு முன்பணம். நெய்க்கும் கடலை மாவுக்கும் இரண்டு வாரம். பாலுக்கு முதல்நாள் மாலை. ஆகவே தேவைப்படுவது ஒரு கணிப்பல்ல. 45ஆம் நாள், 30ஆம் நாள், 15ஆம் நாள், 8ஆம் நாள் என அடுத்தடுத்துத் திருத்தப்படும் கணிப்புகளின் வரிசை.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் எட்டாம் நாள் நிலவரப்படி இன்னும் 1,800 கிலோ விற்க வேண்டும். ஒரு மாஸ்டரும் இரண்டு உதவியாட்களும் சேர்ந்த ஒரு குழு நாளுக்கு 60 கிலோ செய்தால், 30 குழு-நாள் வேலை. அடுப்பு எரியும் நாட்கள் ஆறு என்றால் ஐந்து குழுக்கள் வேண்டும். கடையில் இருப்பது மூன்று. கணக்கு துல்லியமாகத் தெரியும் அன்று, ஊரில் கையொழிந்த மாஸ்டர் ஒருவர்கூட இருக்க மாட்டார். எனவே ஆட்களை, கணிப்பு மங்கலாக இருக்கும் முப்பதாம் நாளிலேயே ஒப்பந்தம் செய்தாக வேண்டியிருக்கிறது. தெளிவு வருவதும் முடிவெடுப்பதும் ஒரே நாளில் அமைவதில்லை.

இதைச் சமாளிக்கும் வழி, செலவுகளை மூன்றாகப் பிரிப்பது. கொடுத்தால் திரும்ப வராத செலவுகளை, அதாவது முன்பணம், கூடுதல் அடுப்பு, வாடகைக் குடோன் போன்றவற்றை, கீழ் எல்லைக் கணிப்புக்கு ஏற்ப வைக்க வேண்டும். மிஞ்சினாலும் அடுத்த மாதம் பயன்படும் சர்க்கரை, மாவு, எண்ணெய் போன்றவை நடுக் கணிப்புக்கு. மேல் எல்லைக்குப் பணம் செலவிடாமல் ஏற்பாடு மட்டும் செய்துவைக்கலாம்: தேவைப்பட்டால் இரவு வேலைக்கு வரச் சம்மதித்த உதவியாட்கள், சொன்ன மறுநாள் நெய் தரும் ஊத்துக்குளி வியாபாரி, நாள்பட இருக்கும் கார வகைகளை முன்கூட்டியே செய்து அடுக்கி, கடைசி வாரத்தில் மாஸ்டர்களை முழுக்க இனிப்புக்குத் திருப்புவது. எந்த நாளில் எவ்வளவு விற்றால் அந்த ஏற்பாட்டை இயக்குவது என்பதையும் முன்பே எழுதிவைக்க வேண்டும். கூட்டத்தின் நடுவில் நின்று முடிவெடுத்தால் எல்லாமே அவசரமாகத் தெரியும்.

பணத்தின் வரவு செலவை இலாபக் கணக்கிலிருந்து பிரித்து, வாரவாரியாக ஒரு தனித் தாளில் போட வேண்டும். இலாபம் வரும் பருவத்திலேயே கைப்பணம் வறளும். பெட்டிக்கும் முன்பணத்துக்கும் நெய்க்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும். கவுண்டர் பணம் கடைசி ஐந்து நாளில்தான் கொட்டும். கம்பெனி ஆர்டருக்கான பணம் பண்டிகை முடிந்து வெகுநாள் கழித்து வரும். பதிவுபெற்ற சிறு உற்பத்தி நிறுவனத்துக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். சட்டம் இருந்தாலும், வரவுத் தாளில் அந்தப் பணத்தை 45ஆம் நாளுக்கு முன்னால் எழுதாமல் இருப்பது நல்லது. எந்த வாரத்தில் பள்ளம் மிக ஆழமாக இருக்கிறதோ அந்தத் தொகையே வங்கியிடம் கேட்க வேண்டிய நடைமுறைக் கடனின் அளவு. ஆகஸ்டில் கேட்டால் வங்கி வட்டி. அக்டோபரில் தேடினால் கந்துவட்டி.

தீபாவளிச் சீட்டுப் பணத்தில் கவனம் தேவை. மாதாமாதம் கட்டுகிறவர்களின் பணம் கல்லாவில் சேரும்போது வரவுபோல் தெரியும். பெட்டியைக் கையில் கொடுக்கும்வரை அது கடைக்கு ஏற்பட்ட கடன். அதை எடுத்து வேறு செலவு செய்துவிட்டு, பண்டிகை வாரத்தில் சரக்கு வாங்கக் கைமாற்று தேடும் கடைகள் உண்டு. கணிப்பைப் பொறுத்தவரை சீட்டு ஒரு வரம். அத்தனை கிலோ உறுதி. அதையே கவுண்டர் விற்பனையிலும் இன்னொரு முறை எண்ணிவிடாமல் இருந்தால் சரி.

பிழையைப் பதிதல்

கணிப்பு தவறும். எவ்வளவு, எந்தப் பக்கம் தவறுகிறது என்பதை எழுதிவைத்தால்தான் அடுத்தது நெருங்கிவரும். சரக்குவாரியாகக் கணித்தது, நடந்தது, வித்தியாசம், காரணம் என்று நான்கு பத்திகள் போதும். வித்தியாசங்கள் சில கூடுதலாகவும் சில குறைவாகவும் இருந்தால் அது தற்செயல்; எல்லைகளை அகலப்படுத்தினால் தீரும். ஆண்டுதோறும் ஒரே பக்கமாகவே தவறினால் முறையில் கோளாறு, அல்லது யாரோ இலக்கைக் கணிப்பு என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். "போன பருவம் போலவே" என்ற சோம்பேறிக் கணிப்பையும் பக்கத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். உழைத்துப் போட்ட கணக்கு அதைவிட நெருங்கிவரவில்லை என்றால் அந்த உழைப்பு வீண்.

இந்தப் பதிவைத் தீபாவளி முடிந்த ஒரு வாரத்துக்குள் செய்துவிட வேண்டும். எந்த மாலை மழை பெய்தது, எது எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எதிர்க்கடை எந்த நாள் தள்ளுபடிப் பலகை வைத்தது என்பதெல்லாம் கார்த்திகை பிறப்பதற்குள் மறந்துபோகும். மிஞ்சிய பெட்டிகளையும் அப்போதே எண்ணி இருப்பில் சேர்க்கலாம், அவற்றில் ஆண்டு எண்ணை அச்சடிக்காமல் இருந்திருந்தால்.